விழுந்தா நின்னுக்கும்

கரண்ட் சாங்காலந்தான் வரும்னு போன்ல மெசேஜ் வந்திருக்குது. ஆனா அந்தக் கரண்ட் ஆபீஸ்காரனுகளை நம்பி ஒயர்ல கைய வைக்க முடியுமா? மாசாந்திர வேலைன்னு காலைல நிறுத்துவானுக, சோத்து நேரத்துக்கே படக்குனு உட்டாலும் உட்டுருவானுக. அதனால பட்டறை மெயின்ல இருந்து மூணு ஃப்யூஸ் கட்டையையும் புடுங்கி நைட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். நடக்கறப்பெல்லாம் தொடையில வந்து இடிக்குது, இடிச்சா இடிக்கட்டும், அது எங்கிட்ட இருக்கற வரைக்கும் இந்தப் பட்டறைல எதுவும் ஓடாது. இன்னிக்கி முடிச்சாகோணும். நாளைக்கி நான் மோட்டார் கம்பெனிக்குப் போயாகோணும். இதுக்கு மேல லீவு கேட்டா சூப்பர்வைசரு அந்தப் பிரேமாவையே என்ற எடத்துல நிரந்தரமா உக்கார வெச்சுருவாரு, அவளும் நல்லாத்தான் காயில் சுத்தறா, குத்தம் சொல்ல முடியாது. நான் போயிட்டா என்ற ஊட்டுக்காரரு ஒண்டியா லேத் முன்னாடி நிப்பாரு. நிக்கக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு. மெசின் பக்கம் போகாதீங்க, கெணத்தை எட்டிப் பாக்காதீங்க, வண்டி ஓட்டாதீங்கன்னு அவரு சொல்லச் சொல்ல இவரு எல்லாத்துக்கும் தலைய ஆட்டினாரு. அடுத்த நாள் காலைல பாத்தா பட்டறைக்குள்ள நின்னு துணிய வெச்சு லேத்தைத் தொடச்சுட்டு இருக்கறாரு, பெத்த புள்ளைக்கு மூக்குச் சீந்தி உடற மாதிரி அத்தன பதனமா. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, லேத் இல்லாம இந்த ஆளு இருக்க மாட்டாரு. சரி, இருக்க மாட்டாருன்னா அந்த லேத்து இவரைக் கொல்லாம இருக்கோணும், அவ்வளவுதான? வலிப்பு வந்துச்சுன்னா மெசின் தானா நின்னு போகோணும். கேக்கறதுக்கு எத்தன லேசா இருக்குது பாரு.

செவுத்துக்கு அந்தப் பக்கம் கட்டில். ஸ்க்ரூ டிரைவர் சத்தத்துல முழிச்சுக்குவாரோன்னு பாத்துப் பாத்துத் திருகறேன். மாத்திரை போட்டா மத்தியானமும் தூக்கம், எந்திரிச்சாலும் கண்ணுல பாதித் தூக்கம், ஆறுச்சாமின்னா தெருவே திரும்பிப் பாக்கற மாதிரிப் பேசற ஆளு இப்ப தண்ணி வேணும்னாக்கூட ரெண்டு தடவ யோசிச்சுக் கேக்கறாரு. சித்த நிறுத்திட்டு காதக் குடுத்தேன். கொரட்டை வருது. வரட்டும். கல்யாணம் ஆன புதுசுல இந்தக் கொரட்டைக்கு எத்தன சண்டை. இப்பக் கொரட்டை நின்னாப் போதும், சோத்தை அப்படியே போட்டுப்போட்டு ஓடறேன். அன்னிக்கிம் சத்தத்துலதான் தெரிஞ்சுது. எனக்கு வார லீவு, பொறகால தொட்டிகிட்ட துணி அலசிட்டு இருக்கறேன். லேத்துச் சத்தம் எனக்கு மனப்பாடம், காதுல உழுந்துட்டே இருக்கும், ஆனா கேக்காது. திடீர்னு கிறீச்சுன்னு ஒரு சத்தம், இரும்பு இரும்பக் கடிச்சு இழுக்கற சத்தம், கேட்டுருச்சு. ஈரக் கையோட ஓடியாந்தா இவரு கீழ கெடக்கறாரு. பின்னால உழுந்திருக்கறாரு. பின்னால. அதை மட்டும் நூறு தடவ சொல்லிப் பாத்துக்கறேன். முன்னால உழுந்திருந்தா அந்தச் சக்கு, இரும்புத் துண்டைக் கவ்விப் புடிச்சுக்கிட்டுச் சுத்துதே, அதுல சட்டை மாட்டி, வேண்டாம், அந்தப் பக்கம் நெனப்பே போக வேண்டாம். சிவப்பு பட்டனை அமுக்கினேன், நிக்கலை. அமுக்கறேன், குத்தறேன், நிக்கலை. காலடியில இவரு வெட்டி வெட்டி இழுக்கறாரு, வாயோரத்துல நொரை, தலைமாட்டுல சக்கு சுத்துது. இவரைத் தூக்கறதா, மெயினை நிறுத்தறதா? மெயினுக்குத்தான் ஓடினேன். இந்த மூலைல இருந்து அந்த மூலை, எட்டுனாப்புல இருக்கற எடம், அத்தன தூரமாப் போச்சு. இன்னும் நான் அந்த மூலைக்கு ஓடிட்டேதான் இருக்கறேன், பஸ்ஸுல உக்காந்திருக்கறப்பக்கூட கால் தானா வெடுக்குனு இழுக்குது.

ஏன் நிக்கலைன்னு இப்பத்தான் தெரியுது. ஸ்டார்ட்டர் மூடியக் கழட்டினா உள்ளார ஐஸ் குச்சி. குழந்தைக சப்பிப் போடற ஐஸ் குச்சி, பாதியா ஒடிச்சு, கரண்டைச் சேத்துப் புடிக்கற அந்தக் கட்டைக்கு அடியில சொருகி வெச்சிருக்கறாரு. அட கெரகமே! இந்த ஏரியா பட்டறை பூராம் இதே சோலிதான். வோல்டேஜ் கொறைஞ்சா ஸ்டார்ட்டர் தானா உட்டுரும், வேலை பாதியில நின்னு போகும், அதுக்கு ஒரு குச்சி. தோட்டத்துல மோட்டாருக்கும் குச்சி, மாவு மில்லுலயும் குச்சி. குச்சி வெச்சாச்சுன்னா அது உடாது, பட்டனை அமுக்கினாலும் உடாது, கரண்ட் போயிட்டு வந்தா ஆளைக் கேக்காமத் தானா ஓடும். காப்பாத்தறதுக்குன்னு கம்பெனிக்காரன் ஒண்ணை வெச்சா அதைத் தொந்தரவுன்னு கழட்டிப் போடறதுக்கு நம்மூர்ல எல்லாத்துக்கும் தெரியுது. அன்னிக்கி நான் அமுக்குன பட்டனுக்கு என்ன தெரியும் பாவம். குச்சியக் கையில வெச்சுப் பாக்கறேன், ஓரத்துல ஆரஞ்சுக் கலரு இன்னும் ஒட்டியிருக்குது. சாயங்காலமாப் பொட்டிக் கடையில நின்னு ஐஸைத் தின்னுபோட்டு, குச்சியத் தொடச்சு மேப்பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு வந்திருப்பாரு, அந்த மனுசன் செஞ்சிருப்பாரு. கோவம் வருது, போயி ஒலுக்கி எழுப்பி ஏனுங்க இது என்னனு கேக்கோணும்னு வருது, அதே நேரத்துல அவரு அந்த ஐஸைச் சப்பிட்டு நின்னிருப்பாருங்கற நெனப்புல அழுகையும் வருது. சக்கரை எச்சா இருக்குது ஐஸெல்லாம் தொடக்கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன். திருட்டுத்தனமாத் தின்னிருக்கறாரு. குச்சியத் தூக்கி வெளிய வீசுனேன்.

பெடலை முன்னாடியே செஞ்சு வெச்சுட்டேன். பழைய தையல் மெசினோட கால் பெடல், அதுக்கு அடியில ஸ்பிரிங்கு, ஸ்பிரிங்குக்குக் கீழ காலிங் பெல் சுவிட்சு. மிதிச்சுட்டு நின்னாத்தான் லேத் ஓடும், கால் எடுத்தா நின்னுரும். மொத சுவிட்சை நானே மிதிச்சு ஒடைச்சுட்டு மறுக்கா வாங்கப் போனா எலக்ட்ரிக் கடை ரவீந்திரன் சிரிக்கறான், "ஏனுங்க்கா, போன வாரந்தான் ஒரு பெல் சுவிட்சு வாங்குனீங்க, ஊட்டுக்கு எத்தன வாசலுங்க?" "மகாராசா வாராரு, ஒவ்வொரு வாசல்லயும் நின்னு அடிப்பாரு, நீ குடு"ன்னேன். எதுக்குன்னு சொல்லலை. சொன்னா அவன் கண்ணுல ஒரு எரக்கம் வரும், அது எனக்கு வேண்டாம். பெடலைத் தரையில வெச்சு, இவரு நிக்கற எடத்துல நேரா வெச்சு, கையால அமுக்கிப் பாக்கறேன். நல்லா அமுங்குது, நல்லா எந்திரிக்குது. பத்துப் பதினஞ்சு வருசமா அவனவன் மோட்டாருக்குக் காயில் கட்டற தெய்வான, ஊட்டுக்காரருக்கு ஒரு பெடல் பண்ண மாட்டாளா? அமுக்கறேன், உடறேன், அமுக்கறேன். அப்பத்தான் அந்தக் கால் நெனப்புக்கு வந்துச்சு. ரெண்டாவது தடவ வலிப்பு கட்டில்லயே வந்துச்சே, அப்ப அந்த வலது கால். வெட்டி இழுக்கறதுக்கு முன்னாடி, மொதல்ல, வெறைச்சுச்சு. முட்டிய மடக்கலாம்னு பாத்தேன், ரெண்டு கையாலயும் முடியலை, கால் கடப்பாரை மாதிரி நீட்டிக்கிட்டுக் கட்டில் சட்டத்தை மிதிச்சு, மிதிச்சு, சட்டமே மொறுக்குன்னுச்சு. அந்தக் காலா பெடல்ல இருந்து எந்திரிக்கும்? இன்னும் எச்சா மிதிக்கும். வலிப்பு வார நேரம் பாத்து லேத்தை உடாம ஓட வைக்கறதுக்கு நானே ஒரு பெடல் செஞ்சு வெச்சிருக்கறேன். அய்யோ சாமி. மயக்கம் போட்டு உழுகறவனுக்குப் பெடல், என்ற மனுசன் மயங்கற ஆளில்லையே. அப்படியே தரையில உக்காந்துட்டேன். இத்தன நாளா இதைச் செஞ்சுபோட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கறனே. கொரட்டை கேக்குதா? கேக்குது.

கால் வேண்டாம். கையும் வேண்டாம், கை எதையாச்சும் புடிச்சா உடாது. வெறைச்சாலும் இழுத்தாலும் ஒண்ணு மட்டும் நடந்தே தீரும், உழுகோணும். அப்ப உழுகறதுதான் சுவிட்சு. ரெண்டு பின் பிளக்கு ஒண்ணு எடுத்து உள்ளார ரெண்டு பின்னையும் ஒரு ஒயர்ல சேத்துட்டேன். அதைச் சொருகறதுக்கு ஒரு சாக்கெட்டு, அந்தச் சாக்கெட்டு ஒயரு ஸ்டார்ட்டருக்கு. பிளக்கு சொருகியிருந்தா லேத் ஓடும், கழண்டா நின்னுக்கும். தெரியாம ஆராச்சும் இந்தப் பிளக்கை ஊட்டுச் சாக்கெட்டுல சொருகுனா டமால்னு போயிரும், அதனால பிரேமா குடுத்த நகப் பாலிஷை எடுத்து செக்கச் செவேல்னு பூசி உட்டேன். பிளக்குல ஒரு கயிறு, கயித்தோட அந்தத் தலைப்பு இவரு இடுப்புல. சாக்கெட்டை எங்க வைக்கறது? லேத்துல வெச்சா முன்னால உழுந்தாக் கயிறு தொவண்டு போகும். பின்னால செவுத்துல வெச்சா பின்னால உழுகறப்பத் தொவண்டு போகும். முன்னாலயும் பின்னாலயும் மாத்தி மாத்தி நெனச்சுட்டே நின்னேன், தலைய நிமித்திப் பாத்தா மேல தகரத்தைத் தாங்கற இரும்பு. எப்படி உழுந்தாலும் கீழதான உழுகோணும்? மேல கட்டிட்டா எந்தப் பக்கம் உழுந்தாலும் இழுக்கும். தொட்டிலும் இப்படித்தான மேல கட்டுவாங்க. ஸ்டூல் போட்டு ஏறி சாக்கெட்டை மேல கட்டிட்டேன். கயிறு இடுப்புல எதுல கட்டறது? பெல்ட்டுப் போடற ஆளில்ல, லுங்கி அவுந்துரும். அரணாக்கயிறு இருக்குது. மாமியார் சீருல கட்டுன கயிறு மாத்தி மாத்தி இன்னும் இடுப்புல கெடக்குது, குளிக்கறப்பவும் கழட்டாத சாமானம் அது ஒண்ணுதான். கழட்டி வெச்சுட்டேன் மறந்துட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா இவரு ஒத்துக்குவாரா? என்னைய என்ன எருமைனு நெனச்சயா கட்டுத்தறியில கட்டறதுக்குன்னு கேப்பாரு. கேக்கட்டும். பேசட்டும். நல்லாத் திட்டட்டும், அந்தக் கொரலைக் கேட்டு எத்தன நாளாச்சு.

நீளம் எத்தன வைக்கறது? நீளமா வெச்சா பாதி உழுந்த பொறகுதான் இழுக்கும். கட்டையா வெச்சா இவரு குனிஞ்சு ஒரு சாமான் எடுத்தாலே நின்னு போகும், ரெண்டு தடவ பொறுப்பாரு, மூணாவது தடவ அவுத்து வீசிப்போட்டு மறுக்காவும் ஒரு குச்சி தேடுவாரு. சாக்கெட்டும் அப்படித்தான், இறுக்கமா இருந்தா அரணாக்கயிறு அறும், லூசா இருந்தா லேத் ஆடற ஆட்டத்துலயே கழண்டுக்கும். என்ற இடுப்புல கட்டிப் பாக்கறேன். இவரு நிக்கற எடத்துல நின்னு, இவரு எத்தன உசரம் எட்டுவாரோ அத்தனைக்கு எட்டிப் பாத்து, அப்பறம் உழுந்தேன். உழுகறது லேசுன்னு நெனச்சனா, வரலை. முட்டி தானா மடங்குது, கை தானா தரைய ஊனுது, ஒடம்பு ஏமாத்துது. இவரு கையையே ஊனலையே, சாத்தி வெச்ச பலகை சரியற மாதிரியில்ல உழுந்தாரு. மறுக்கா நின்னேன், கைய ரெண்டையும் நைட்டிக்குள்ள உட்டுக்கிட்டேன், கண்ணை மூடிக்கிட்டேன். உழு தெய்வான, உழுடி. தோள்பட்டை போயி இடிச்சுது, மேல டிக்குன்னு ஒரு சத்தம், பிளக்கு ஆடிட்டு வந்து என்ற மேலயே உழுந்துச்சு. வந்துருச்சு! ஆனா கயிறு இன்னும் ஒரு சாண் கொறைக்கோணும், சக்கு கரண்ட் நின்ன பொறகும் நாலு சுத்துச் சுத்துமே, அந்த நாலு சுத்துக்கு முன்னாடி இவரு தலை எங்க இருக்கும்? கொறைச்சுக் கட்டினேன். மறுக்கா உழுந்தேன். பக்கவாட்டுல உழுந்து பாத்தேன். முன்னால உழுகறதுக்கு மட்டும் பயந்துட்டு, அப்பறம் அதையும் உழுந்தேன், இரும்புத் தூள் உழுகற லேத்துத் தொட்டியில தாடை இடிச்சு நாக்குக் கடிபட்டுப் போச்சு. வலியில அப்படியே கெடந்தேன். இவரு இங்கதான் கெடந்தாரு, இந்தத் தரையில, இங்க இருந்து பாத்தா லேத்து மாடி ஊடு மாதிரித் தெரியுது. நல்லவேளை பாக்க முடியாமக் கெடந்தாரு. எத்தன நேரம் கெடந்தனோ, கொரட்டைச் சத்தம் இல்லைன்னு அப்பத்தான் ஒறைச்சுது. பதறிட்டு எந்திரிச்சா வாசப்படியில இவரு நிக்கறாரு. எப்ப வந்தாருன்னு தெரியலை.

"என்ன புள்ள பண்ற?"

"சும்மா, உழுந்து பாக்கறனுங்க"ன்னேன். வேற என்னத்தச் சொல்றது? இவரு மேல கட்டியிருக்கற சாக்கெட்டைப் பாத்தாரு, கயித்தைப் பாத்தாரு, என்ற தாடையைப் பாத்தாரு. ஸ்டார்ட்டர் மூடி தொறந்து கெடக்கறதையும், குச்சி இருந்த எடத்தையும் பாத்தாரு. முப்பது வருசமா மெசின் பாத்த மனுசன், நான் வெவரம் சொல்லறதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிட்டாரு. எருமைன்னு கேக்கலை. கிட்ட வந்து திரும்பி நின்னு, பின்னால சட்டையைத் தூக்கிக் காட்டினாரு, ஊசி போட்டுக்கற மாதிரி. முதுகு எளைச்சுப் போயி எலும்பு வரிசையாத் தெரிஞ்சுது. அரணாக்கயித்துல முடிச்சுப் போடறப்ப என்ற வெரல் அவரு ஒடம்புல பட்டுது, கூசுது புள்ளன்னாரு, சிரிச்சாரு, நானும் சிரிச்சுப்போட்டேன். அந்நேரம் ஊட்டுக்குள்ள ஃபேன் சுத்த ஆரம்பிச்சுது, பக்கத்துத் தறி ஓடற சத்தமும் கேட்டுது. கரண்ட் வந்துருச்சு. பிளக்கை மேல சொருகி, ஸ்டார்ட்டர் மூடிய மாட்டி, பாக்கெட்டுல இருந்து ஃப்யூஸ் கட்டைகளை எடுத்து மெயின்ல சொருகிட்டு வந்தேன். "போடட்டுங்களா?" "போடு." பச்சை பட்டனை அமுக்கினேன். லேத் ஓடுச்சு. பழைய சத்தம், அதே சத்தம். இவரு லேத்தோட கைச் சக்கரத்துல கை வைக்கலை, சக்கையே பாத்துட்டு நின்னாரு. அப்பறம் மெதுவா, ஆரோ சொல்லி உக்காரற மாதிரி, முட்டியை மடக்கிக் கீழ உக்காந்தாரு. கயிறு இழுத்துது, டிக்குன்னு பிளக்கு கழண்டுச்சு, ஸ்டார்ட்டர் உட்டுருச்சு. லேத் நின்னுச்சு. எப்பவும் சக்கு கடைசியாச் சுத்தறப்ப உள்ளங்கைய வெச்சுத் தேச்சு நிறுத்துவாரு, இன்னிக்கி கையை மடியில வெச்சுக்கிட்டு அது தானா நிக்கற வரைக்கும் பாத்துட்டு இருந்தாரு.

"நல்லாப் பண்ணியிருக்கற புள்ள. நின்னுக்குது."

சந்தோசத்துல நானும் பக்கத்துல உக்காந்தேன். இனிப் பயமில்லீங்க மாமா, நீங்க பாட்டுக்கு வேலை பாருங்கன்னேன்.

"மெசினுக்கு நான் பயப்படலை புள்ள. அதுக்குன்னா அந்தக் கருமத்தை ஓட்டாமக்கூட இருந்துக்குவேன்." கயித்தை வெரல்ல சுத்திச் சுத்தி அவுத்துட்டு இருந்தாரு. "வரப்போகுதுன்னா எனக்குத் தெரியும். நாக்குல துருப்புடிச்ச இரும்பாட்ட ஒரு ருசி வரும். அப்ப உன்னையக் கூப்புடோணும்னு தோணும், தெய்வானன்னு மனசுக்குள்ள கூப்புடுவேன், வாய் வராது. அதுதான் பயம். இப்ப மெசின் நின்னுக்கும், சரி. நான் உழுவேனே, அப்ப நீ இருப்பயா?"

இரும்பு ருசி. எத்தன நாளா இவருக்கு அது தெரிஞ்சிருக்குது, வாய்க்குள்ளயே வெச்சிருந்திருக்கறாரு. எத்தன நீளம் எத்தன உசரம்னு அளந்து அளந்து பாத்தனே, இதை ஒரு வார்த்தை நான் கேக்கலையே. அவரு கையைப் புடிச்சேன், மாத்திரையில கை எந்நேரமும் வேர்த்திருக்குது.

"இருப்பனுங்க"ன்னேன்.

தலைய ஆட்டினாரு. டாக்டருக்கு ஆட்டுன மாதிரி இல்ல, மெதுவா. என்ற பக்கம் திரும்பிக் கேட்டாரு.

"காலைல கம்பெனிக்குப் போகறதுக்கு எத்தன மணிக்கு உன்னைய எழுப்பி உடட்டும்?"

"அஞ்சுக்குங்க"ன்னேன்.